பச்சைப் பலகைக் கடை

விமானம் இறங்கி நாற்பது நிமிடமாகியும் அண்ணன் அந்த விலைப்பலகைக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தார். வருகைக் கூடத்தின் ஓரத்தில் பணம் மாற்றும் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்கு மேலே சிவப்பு எண்கள் ஒளிரும் பலகை. இடப்பக்கம் சின்னச் சின்னக் கொடிகள், அதற்கடுத்து வாங்கும் விலை, கடைசியில் விற்கும் விலை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒருமுறை, இறக்கிப் போட்டு ஒருமுறை என்று இரண்டு விதமாகவும் பார்த்தார். பிறகு இடுப்புப் பையிலிருந்து கறுப்பு டைரியை எடுத்துப் பிரித்து எதையோ படித்தார். மறுபடியும் பலகையைப் பார்த்தார். கூண்டுக்குள் இருந்த பெண் முதலில் சிரித்து, பிறகு சிரிப்பை நிறுத்தி, நகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"பகல் கொள்ளை. நூத்துக்குப் பன்னெண்டு இங்கயே போயிடும் பாப்பா," என்றார் திரும்பி வந்து.

ஐம்பத்தோரு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான். காலை ஒன்பது பத்து. பன்னிரண்டு மணி வரைக்கும்தான் தம்பியின் முகத்தைப் பார்க்கலாம்.

இதை அவர்களுக்குச் சொன்னவர் தம்பி வேலை செய்த லிஃப்ட் கம்பெனியின் மேற்பார்வையாளரான போர்மன். ஊரிலிருந்து கிளம்பும் முன் போனில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லியிருந்தார். உடலை ஊருக்கு அனுப்ப ஒரு மாதத்துக்குமேல் ஆகும் என்று தெரிந்தபோது, இங்கேயே எரித்துவிடலாம் என்று அண்ணனும் அவளும் சேர்ந்துதான் ஒப்புக்கொண்டார்கள். "பன்னெண்டு மணி வரைக்கும் ஆஸ்பத்திரியில வெச்சிருப்பாங்கம்மா. அதுக்கப்புறம் பெட்டியை மூடி ஆணி முடுக்கி வண்டியில ஏத்திடுவாங்க. ஒரு தடவை முடுக்கிட்டா திறக்க மாட்டாங்க. உள்ள போய்ப் பார்க்க ஒரு சீட்டு வாங்கணும், அதுக்கு மட்டும் நோட்டாத்தான் குடுக்கணும், கார்டு எடுக்க மாட்டாங்க. பரவாயில்ல, நான் கட்டிடறேன். நீங்க வந்து சேருங்க."

அங்கேதான் அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டார். "வேணாம் சார். எங்க தம்பி மொகத்தைப் பார்க்க நாங்கதான் கட்டணும்."

அந்த வார்த்தை அப்போது அவளுக்குக்கூடப் பிடித்திருந்தது. இப்போது, கூண்டுக்காரப் பெண்ணுக்கு முன்னால் நிற்கும்போது, அதே வார்த்தை மீன்முள் மாதிரி உறுத்தியது.

"அண்ணா, தேவையான அளவுக்கு மட்டும் இங்க மாத்திக்கலாம். மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்."

"நேரம் இருக்கு. இங்க மாத்தக் கூடாது." டைரியைத் தட்டினார். "பஸ்ஸுக்குக் கார்டைக் காட்டினாப் போதும். ஸ்டேஷன் பின்னாடி மூணாவது சந்து. பச்சைப் பலகை போட்ட கடை. அங்கேயிருந்து ஆஸ்பத்திரி நடந்தே போற தூரம். எல்லாம் இருக்கு இதுல."

ஆமாம், எல்லாம் இருக்கும். முப்பத்தொரு வருடம் லாரி எடைமேடையில் கணக்கராக இருந்த மனிதர். ஒருமுறை பத்துக் கிலோ கூடுதலாக இருக்கிறது என்று ஒரு மணல் லாரியைத் திருப்பி அனுப்பியதிலிருந்து ஊரே அவரைப் பத்துக்கிலோ என்றுதான் கூப்பிட்டது. லாரிக்காரர்கள், "பத்துக்கிலோ, உங்க நிழல் மேடைமேல விழுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்பார்கள். எடைச் சீட்டை அவர் பேரேட்டில் ஒட்டுவதே ஒரு தினுசு. மற்றவர்கள் மூலையில் துளி பசை தொட்டு வைப்பார்கள். அண்ணன் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, முதுகு முழுக்கப் பசை தடவி, உள்ளங்கையால் நீவி ஒட்டுவார். பின்பக்கம் வெறுமையாக விட்டால் யாராவது அதில் ஏதாவது எழுதிப் பணம் பார்த்துவிடுவார்களாம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டில் மின்சார ரசீது, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஏதாவது ஒரு நோட்டில் முதுகொட்டிக் கிடக்கும்.

பஸ்ஸில் ஏறும்போது கருவியில் அட்டையைக் காட்டினார். அது கூவியது. "பார்த்தியா? இதுல கமிஷன் ஒண்ணும் கிடையாது," என்றார். அவர் குரலில் சின்னதாக ஒரு வெற்றி இருந்ததை அவள் கேட்டாள். கேட்டதும், வெகு நாளாக மூடி வைத்திருந்த ஒன்று அவளுக்குள் கொதிக்கத் தொடங்கியது.

இந்த ரேட்டுதான். இதே ரேட்டுதான். ஆறு வருடமாகத் தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவன். அவனுக்குக் குடும்பம் என்றால் இந்த இரண்டு பேர்தான். "ரெண்டு பேரும் பத்து நாள் வாங்க. லிஃப்ட்டோட மண்டைக்குள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டறேன். முப்பத்தாறாவது மாடிக்கு மேல ஒரு ரூம் இருக்கு, அங்கேயிருந்து பார்த்தா ஊரு முழுக்கத் தெரியும், அக்கா மயங்கி விழுந்துடுவா." அண்ணன் தினமும் பேப்பரில் ரேட்டைப் பார்ப்பார். "இப்பப் போனா நம்ம பணத்துக்கு மதிப்பே இல்லடா. கொஞ்சம் இறங்கட்டும்." அது இறங்கவில்லை. கொஞ்சம் இறங்கினால் இன்னும் இறங்கும் என்பார். அடுத்த ஞாயிறு தம்பி சிரிப்பான்: "என்ன அண்ணா, ஜோசியர் நாள் குறிச்சிட்டாரா?"

அவளாவது தனியாகப் போயிருக்கலாம். தான் வேலை செய்யும் மருந்துக்கடையின் முதலாளி லீவு தர மாட்டார் என்று சொல்லிக்கொண்டாள். ஒருநாள்கூட அவரிடம் கேட்டதில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

தம்பி லிஃப்ட்டின் மண்டை என்று சொன்ன அந்த அறையில்தான் மயங்கி விழுந்திருக்கிறான். நாற்பத்து நான்கு வயது. மார்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கீழே இருந்த பையன்கள் லிஃப்ட் நின்றுவிட்டது என்று மேலே போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் பச்சைப் பலகை எதுவும் இல்லை. அந்த இடத்தில் முடிதிருத்தும் கடை இருந்தது. அண்ணன் முதல் சந்திலிருந்து மறுபடி எண்ணினார். எதிர்ப்பக்கமிருந்து எண்ணினார். மூன்றாவது முறையும் அதே கடையின் முன்னால் வந்து நின்றபோது, சீப்பும் கையுமாக உள்ளே இருந்த தமிழர் வெளியே வந்தார்.

"பணம் மாத்தற கடையா? அது போய் ஒரு வருஷமாச்சே. பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ போட்டிருக்கறதா சொன்னாங்க." அண்ணனின் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, "பணத்தை மாத்தித் தர முடியாதுங்க. தலையை வேணா மாத்தித் தர்றேன், உக்காருங்க," என்றார். உள்ளே நாற்காலியில் இருந்தவர் நுரை பறக்கச் சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. டைரியைத் திறந்து அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். தடவினால் கடை திரும்பி வந்துவிடும் என்பதுபோல. அவளுக்கு அந்த டைரியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிய வேண்டும்போல் இருந்தது.

"அண்ணா, இதோ எதிர்லயே ஒரு கடை இருக்கு பாருங்க. சிவப்புப் பலகை."

அவர் போய்ப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றி, கண்ணாடியை இறக்கி. திரும்பி வந்தார். "வாங்கற வெலைக்கும் விக்கற வெலைக்கும் இவ்ளோ இடைவெளி வெச்சிருக்கான். இந்த இடைவெளி பெருசா இருந்தா அவன் யோக்கியன் இல்லன்னு அர்த்தம்."

"நமக்கு எதுக்கு அவனோட யோக்கியம்? பொண்ணா குடுக்கப் போறோம்?"

"நேரம் இருக்கு பாப்பா."

"பத்தரை ஆகப் போகுது."

"ஒண்ணரை மணி நேரம் இருக்கு. பாலம் தெரியுது பாரு, அதோ."

பாலம் தெரியத்தான் செய்தது. போய்ச் சேரத்தான் இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவர் முன்னால் நடந்தார், முழங்கால் வலியால் ஒருபக்கம் சாய்ந்து சாய்ந்து. அவள் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால். ஆற்றின்மேல் காற்று அடித்தது. அலுவலகம் போகிறவர்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கம் இரண்டு தெரு, நான்கு பேரிடம் விசாரணை. பச்சைப் பலகை எங்கும் இல்லை. ஒரு மூலையில் அண்ணன் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பசியோ என்று நினைத்தாள். பாவம் என்று ஒரு கணம் தோன்றியதற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"சரி. மெஷின்ல எடுத்துடலாம்," என்றார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. மூன்று அடி தள்ளி ஒரு காகிதக் கடைக்குள் பணம் எடுக்கும் இயந்திரம் ஒன்று நின்றது. அவள் அதை நோக்கித் திரும்பியபோது அண்ணன் தடுத்தார். "இது கடைக்காரன் மெஷின். இதுல எடுக்கக் கூடாது, தனியாக் கமிஷன் போடுவான். பேங்க் வாசல்ல இருக்கறதுலதான் எடுக்கணும்."

அந்தப் பேங்க் வாசலைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு தெரு. பதினொன்று ஐந்து. அண்ணன் அட்டையைச் செருகி, ரகசிய எண்ணை ஒரு கையால் மறைத்து அழுத்தினார். இயந்திரம் யோசித்தது. அட்டையை வெளியே தள்ளியது. மறுபடி செருகினார். மறுபடி தள்ளியது. பரிவர்த்தனை மறுக்கப்பட்டது என்று திரையில் எழுத்து வந்து நின்றது. அண்ணன் அதை வாய்விட்டுப் படித்தார், வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் படிப்பதுபோல.

பிறகு அவர் வங்கியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். வெளிநாட்டில் பேசும்படி செய்துகொண்டது அவருடைய போனை மட்டும்தான். ஒரு ஆள் போதும், எதற்கு ரெண்டுக்கும் தண்டம் என்று சொல்லியிருந்தார். இசை ஓடியது. இசைக்கு நடுவே ஒரு குரல் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்றது. எட்டாவது நிமிடத்தில் ஒரு பெண் வந்தாள். அவள் பேசுவது வெளியே கேட்டது.

"உங்க பாதுகாப்புக்காகச் சில கேள்விகள் கேட்கணும் சார். கார்டுல கடைசியா வாங்கின மூணு பொருள் என்னன்னு சொல்ல முடியுமா?"

அண்ணன் சொன்னார். பைசாவோடு சொன்னார்.

"பயணம் போறதுக்கு முன்னாடி எங்களுக்குத் தெரிவிச்சீங்களா சார்?"

"திங்கக்கெழம நேர்ல போய் லெட்டர் குடுத்தேன்மா. முத்திரை போட்ட நகல் கையில இருக்கு. என் தம்பி இறந்துட்டான்னு எழுதியே குடுத்தேன்."

"இங்க பதிவாகலையே சார். உங்க கோரிக்கையை இப்பப் பதிவு பண்றேன். இருபத்துநாலு மணி நேரத்துல சரியாயிடும். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

முத்திரை போட்டு வாங்கிக்கொண்ட அந்த மேசைக்காரனை அவள் நினைத்துப் பார்த்தாள். லெட்டரைக் கம்பியில் குத்திவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். அவனையும் அறையலாம். இந்தப் பெண்ணையும் அறையலாம். ஆனால் எதிரே நிற்பவர் அண்ணன்தான். அவர் தாளில் ஏதோ புகார் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தார், "திரும்பச் சொல்லும்மா, கடைசியில ஏழா, ஒண்ணா?" என்று கேட்டபடி.

வங்கிக்குள் சுவர்க் கடிகாரம் பதினொன்று முப்பத்தாறு காட்டியது.

அவள் பைகளைக் கீழே வைத்தாள். அண்ணனின் இடுப்புக்குக் கை நீட்டி, பையின் கொக்கியை அவிழ்த்தாள். அவர் போனைக் காதில் வைத்தபடியே திகைத்து நின்றார். வாழ்க்கையில் அவர் இடுப்பில் இருந்ததை யாரும் அவிழ்த்ததில்லை. ரப்பர் வளையம் போட்ட கட்டில் அவளுடைய அட்டையும் இருந்தது. 'தொலைஞ்சிடும், என்கிட்ட குடு' என்று அவர் விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டது. அது வெளிநாட்டில் வேலை செய்யும்படி மருந்துக்கடையில் கூட வேலை செய்யும் பெண் அவள் போனிலேயே நான்கு பொத்தானைத் தட்டித் திறந்துவிட்டிருந்தாள். லெட்டர் இல்லை, முத்திரை இல்லை.

பேங்க் இயந்திரத்துக்கு முன்னால் இப்போது எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அவள் ஓடினாள். உண்மையாகவே ஓடினாள். காகிதக் கடைக்குள் நோட்டுப் புத்தக அடுக்குகளுக்கும் பேனா டப்பாக்களுக்கும் நடுவில் அந்த இயந்திரம். எண்ணை அழுத்தினாள். தொகையை அழுத்தினாள். திரை கேட்டது: உங்கள் சொந்த நாட்டுப் பணத்தில் கணக்கிட்டுக்கொள்ளலாமா? ஆம். இல்லை.

"இல்லைன்னு அழுத்து பாப்பா!" வாசலிலிருந்து அண்ணன் கத்தினார். மூச்சிரைத்தது அவருக்கு. "அது ஏமாத்து! ஆமான்னு சொன்னா அவன் வெச்சதுதான் வெல! இல்லைன்னு அழுத்து, இல்லைன்னு!"

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பி அண்ணனின் கண்ணை நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஆம் என்பதை அழுத்தினாள்.

டாக்சி கிடைக்கவே கால் மணி நேரமானது. உள்ளே அண்ணன் இயந்திரம் தந்த அந்தச் சின்னச் சீட்டை மடிமேல் விரித்து வைத்திருந்தார். பாலத்து நெரிசலில் வண்டி நின்றது, நகர்ந்தது, நின்றது. அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"பதிமூணு சதவீதம்," என்றார் கடைசியில்.

"நிறுத்து."

தமிழ் தெரிந்த டிரைவர், வண்டியை நிறுத்தச் சொல்கிறாள் என்று நினைத்துத் திரும்பினார்.

"உங்களை இல்லீங்க. நீங்க போங்க," என்றாள் அவரிடம். பிறகு அண்ணனிடம் திரும்பினாள். ஐம்பத்தோரு வருடத்தில் அவரை அவள் நீ என்று சொன்னதில்லை. "நீ வாயை மூடு. அவன் அங்க ஐஸ்ல படுத்திருக்கான். நீ சதவீதம் சொல்ற. ஆறு வருஷமா அவன் கூப்பிட்டான், ஆறு வருஷமா சதவீதம் சொன்ன. இப்பவும் சொல்ற. உன் ரேட்டு எறங்கிடுச்சா? போதுமான அளவுக்கு எறங்கிடுச்சா இப்ப?"

டிரைவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். கூட்டியிருக்கலாம். அண்ணன் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவர் அழுதிருந்தாலாவது அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் வெளியே பார்த்தார். கடைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார், ஒவ்வொன்றாக.

பன்னிரண்டு இருபதுக்கு ஆஸ்பத்திரி. பக்கவாசலில் போர்மன் நின்றிருந்தார். தடித்த, கட்டையான மனிதர். கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் அவர் ஓடி வரவில்லை. அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கால் மணி நேரம் பிடிச்சு வெச்சேன்மா. அதுக்குமேல விட மாட்டேன்னுட்டாங்க. பதினொண்ணு மணிக்கு மேல போன் பண்ணேன், பண்ணிக்கிட்டே இருந்தேன். லைன் பிஸி, லைன் பிஸின்னே வந்துச்சு. அப்புறம் உள்ள இவங்களோட மல்லுக்கட்டவே நேரம் போயிடுச்சு."

பேங்க்குக்காரியின் இசை கேட்டுக்கொண்டிருந்த நேரம்.

போர்மன் தன் வண்டியில் அவர்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார். வெளிச்சமான, ஓட்டல் வரவேற்பறை மாதிரியான கட்டடம். உள்ளே தண்டவாளம்போல் இரண்டு கம்பிகள், அவற்றின்மேல் பெட்டி. மூடியில் எட்டு இடத்தில் முடுக்காணி. பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அதில் ஒரு எண். போர்மன் அங்கிருந்த ஊழியரிடம் குனிந்து ஏதோ கெஞ்சினார். ஊழியர் கடிகாரத்தைக் காட்டினார். கதவுக்கு வெளியே அடுத்த குடும்பம் காத்திருந்தது, வெள்ளைப் பூக்களோடு. அந்த ஊழியர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

அவள் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். எந்தப் பக்கம் தலை என்று தெரியவில்லை. போர்மனைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்குக் கேள்வி புரிந்தது. இந்தப் பக்கம் என்று கண்ணால் காட்டினார். கையை அங்கே நகர்த்தி வைத்தாள். அண்ணன் தள்ளியே நின்றார், கைகளை முன்னால் கோத்துக்கொண்டு. எதிர்ச்சுவரில் ஒரு உலோகக் கதவு மெதுவாக மேலே ஏறியது. லிஃப்ட் கதவுபோல, சத்தமே இல்லாமல். பெட்டி உள்ளே போனது. கதவு இறங்கியது.

"நல்லா கிரீஸ் போட்டிருக்காங்க," என்றார் போர்மன், தன்னை மீறி. சொன்னதும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கம்பெனி ஏற்பாடு செய்திருந்த விடுதி அறையில் இரண்டு கட்டில், ஒரு மேசை, தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெட்டில். சாம்பலை நாளைக் காலையில் தருவார்களாம். தம்பியின் பொருள்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போர்மன் போயிருந்தார். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். எதிர்க் கட்டடத்தில் யாரோ போர்வை உதறினார்கள். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணனிடம் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார்செய்துகொண்டிருந்தாள். டாக்சியில் சொன்னது போதாது. இனி இந்த ஜென்மத்தில் அவர் ஒரு சில்லறையைக்கூட நிம்மதியாக எண்ண முடியாதபடி, போய்த் தைத்து நிற்கிற ஒன்று வேண்டும். தேடினாள். ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி குறைவாகவே இருந்தது.

அண்ணன் மேசையில் டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"என்ன எழுதறீங்க? டாக்சிக் கணக்கா?"

"இல்ல."

"பதிமூணு சதவீதத்தை எம் பேர்ல பற்று எழுதிடுங்க. ஊருக்குப் போய்க் குடுத்துடறேன்."

அவர் டைரியைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். "அவன் பதினோரு விஷயம் எழுதியிருந்தான். ஒவ்வொண்ணும் செஞ்சு முடிச்சதும் டிக் போட்டுக்கிட்டே வந்தேன். பச்சைப் பலகைக் கடையும் கார்டும், நீ பணம் எடுத்த மெஷினும்தான் அவன் சொன்னபடி நடக்கல. மத்தபடி அவன் சொன்ன எதையும் நான் மாத்தல பாப்பா. ஒண்ணுகூட மாத்தல."

அவள் பார்த்தாள். டைரித் தாளில் எழுதியதல்ல. டைரித் தாளின்மேல் ஒட்டிய வேறொரு தாள். கோடு போட்ட, மூன்று மடிப்பு விழுந்த தாள். மருந்துக்கடையில் எத்தனையோ டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் பழகிய கண் அவளுடையது. இந்தக் கையெழுத்துக்கு அந்தப் பழக்கம் தேவைப்படவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ கம்பெனிப் பையன் லீவில் வந்தபோது தம்பி கொடுத்தனுப்பிய கடிதம் இது. வந்தது என்று அண்ணன் சொன்னார், காட்டவில்லை.

1. ஏர்போர்ட்ல மாத்தாதீங்க, கொள்ளை. 2. பஸ்ஸுக்குக் கார்டு போதும், கமிஷன் கிடையாது. 3. ஸ்டேஷன் பின்னாடி மூணாவது சந்து, பச்சைப் பலகைக் கடை, எம் பேரைச் சொல்லுங்க, டீ குடுப்பாரு. 4. வாங்கற வெலைக்கும் விக்கற வெலைக்கும் இடைவெளி பெருசா இருந்தா அவன் யோக்கியன் இல்ல. 5. கடைக்குள்ள இருக்கற மெஷின் வேணாம்...

காலையிலிருந்து அண்ணனின் வாயிலிருந்து அவள் கேட்டு வெறுத்த அத்தனை வாக்கியமும் தம்பியின் குரலில் அங்கே கிடந்தன. நம்ம ஊர்ப் பணத்துல கணக்குப் போடலாமான்னு மெஷின் கேட்கும், இல்லைன்னு அழுத்துங்க, அக்காவை விடாதீங்க, அவ அவசரத்துல ஆமான்னு அழுத்திடுவா. அந்த வரியில் அவள் வெகுநேரம் நின்றாள்.

"அப்பத்தான் வரலை. இப்பவாவது அவன் சொன்ன வழியில வரணும்னு நெனைச்சேன்," என்றார் அண்ணன். அவர் சுவரைப் பார்த்துப் பேசினார். "நேரம் இருக்குன்னுதான் நெனைச்சேன்."

கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அது எழுந்து நின்று, உட்கார இடமில்லாமல் அறைக்குள் அலைந்தது. அவள் டைரியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். வெயில் தாளுக்குள் புகுந்தது. தம்பியின் வரிகளுக்கு நடுவே, இடம் வலமாகத் திரும்பிய வேறு வரிகள் நிழல்போல் தெரிந்தன.

"பின்னாடி ஏதோ எழுதியிருக்கான்."

"ஆமா, ஒட்டறப்பப் பார்த்தேன். கண்ணாடி கையில இல்ல. கடைசியில எப்பவும் எழுதுவானே, அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க, உடம்பைப் பார்த்துக்கங்கன்னு. அதுதான்." கொஞ்சம் நிறுத்தி, "அதுதானே?" என்றார்.

முதுகு முழுக்கப் பசை தடவி, உள்ளங்கையால் நீவி.

அவள் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக் குளியலறைக்கு எடுத்துப் போனாள். கண்ணாடிக்குக் கீழே அதற்கான மின்செருகி இருந்தது. கதவைச் சாத்தினாள். மருந்துக்கடையில் தேதி தவறிப்போன லேபிள்களைப் பாட்டிலிலிருந்து கிழியாமல் எடுப்பது அவள் வேலைதான். கொதிக்கவிட்டு, நீராவியில் காட்டி, மூலையை நகத்தால் கிளப்பி, அவசரப்படாமல் இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் பாதி எழுத்து பாட்டிலோடு நின்றுவிடும். டைரித் தாளை ஆவிக்கு நேரே பிடித்தாள். விரல் சுட்டது. அறை முழுக்க வெண்மையானது. முதல் மூலை கிளம்பியது, பிறகு இரண்டாவது. அண்ணனின் பசை நல்ல பசை. ஒவ்வொரு அங்குலத்துக்கும் அழுதது. கடைசியில் தாள் முழுதாகக் கையோடு வந்தது.

பசை தடிப்பாகப் பட்ட இடங்களில் மை கலைந்திருந்தது. மற்றதெல்லாம் படிக்க முடிந்தது.

'அவசரம்னா இது எதையும் பார்க்காதீங்க அண்ணா. யாருக்காவது உடம்பு முடியலை, நான் திடீர்னு கூப்பிட்டேன், அப்படின்னா ஏர்போர்ட்லயே கேக்கற வெலைக்கு மாத்திட்டு டாக்சி புடிச்சு வந்துடுங்க. போன பணம் போகட்டும், நான் தர்றேன். உங்களைத் தெரியும், அதான் எழுதறேன்.'

நாள் முழுக்க அவள் தேடிய வாக்கியம். அவளால் ஒருபோதும் இவ்வளவு சரியாக அமைத்திருக்க முடியாது. கதவைத் திறந்து நீட்டினால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. காலையில் கூண்டுக்கு முன்னால் நின்ற அந்த நாற்பது நிமிடம், பாலம், இசை எல்லாவற்றையும் இந்தத் தாளே அவரிடம் சொல்லிவிடும். அவர் வயது அறுபத்து மூன்று. அவள் கை கதவின் கைப்பிடி வரை போனது.

வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"கிழியாம வந்துச்சா பாப்பா?"

"வந்துச்சு."

"பின்னாடி என்ன எழுதியிருக்கான்? உன்னைக் கேட்டிருக்கானா?"

கெட்டில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அவள் அணைக்கவில்லை. எதிரே கண்ணாடி முழுக்க ஆவி படிந்து அவள் முகம் அதில் இல்லை. ஈரத்தாளைத் தூக்கி, எழுதிய முதுகு உள்ளே போகும்படி கண்ணாடிமேல் வைத்து, உள்ளங்கையால் மேலிருந்து கீழாக நீவினாள். அண்ணன் ஒட்டுவதைப் போலவே. தாள் பிடித்துக்கொண்டது. ஒன்றிலிருந்து பதினொன்று வரை, தம்பியின் கையெழுத்து, பக்கத்தில் அண்ணனின் டிக்குகள்.

"பாப்பா?"

அவள் கதவைத் திறந்தாள். ஆவி அவளைத் தாண்டி வெளியே போனது. அண்ணன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அவள் தோளுக்கு மேலாக எட்டித் தாளைப் பார்த்தார். ஜன்னல் வெயில் கதவு வழியாக வந்து கண்ணாடிமேல் விழுந்தது. ஈரம் உலரத் தொடங்கியிருந்தது. தாளின் கீழ் மூலை ஒன்று, மெதுவாக, முன்பக்கம் சுருண்டு கிளம்பியது.